நாய் வளர்க்கும் வீட்டுக்கு எந்தத் தரை?

சுவர் எழும்பி, மேல்தளம் போட்டு, பூச்சு வேலையும் முடிந்துவிட்டால் வீடு கட்டுபவர் முன் வந்து நிற்கும் கேள்வி, "தரைக்கு என்ன போடுவது?" என்பதாகும். நாய் வளர்க்கும் வீடாயின் இக்கேள்வியோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்: "நாயின் நகம் பட்டுத் தரை கீறிப் போகுமே, என்ன செய்வது?"

தருமபுரியில் நான் வீடு கட்டியபோது இந்தக் கவலை எனக்கும் இருந்தது. எங்கள் வீட்டில் மணி என்றொரு நாட்டு நாய் உண்டு. அப்போது அதற்கு வயது ஒன்பது. தரைக்கல் விற்கும் கடைக்குச் சென்றேன். "நாய் இருக்குதுங்களா சார்? அப்ப யோசிக்கவே வேண்டாம், கறுப்பு கிரானைட் போட்டுடுங்க. புலி வந்து பிறாண்டினாலும் ஒண்ணும் ஆகாது" என்றார் கடைக்காரர். கடன் வாங்கிய பணத்தில் கூடம் முழுவதும் கண்ணாடிபோல் பளபளக்கும் கறுப்புக் கல்லைப் பதித்தேன்.

ஆறே மாதத்தில் இரண்டு பாடங்கள் கற்றேன். கூடத்தின் வாசற்பக்கம் சாம்பல் நிறத்தில் மெல்லிய கீறல்கள் தோன்றின. அதைவிட வருத்தம் தந்தது மற்றொன்று. அழைப்புமணி ஒலித்ததும் வாசலுக்குப் பாய்ந்த மணி, பின்னங்கால்கள் இரண்டும் விலகி வழுக்கி விழுந்தது. பல நாட்கள் நொண்டி நடந்தது. அதன்பின் கூடத்துக்குள் வரவே தயங்கி, சுவரோரமாகக் கால்களை ஊன்றி ஊன்றி நடக்கத் தொடங்கியது.

கல்லூரியில் மாணவர்களுக்கு உராய்வு பற்றிப் பாடம் நடத்துபவன் நான். கல் வாங்கும்போது அந்தப் பாடம் என் நினைவுக்கு வரவில்லை! வாசகர்களுக்கு அந்த நிலை வேண்டாம் என்பதற்காகவே இக்கட்டுரை.

எது எதைக் கீறும்?

ஒரு பொருள் மற்றொரு பொருளைக் கீற வேண்டுமானால் அதைவிடக் கடினமானதாக இருக்க வேண்டும். இந்த எளிய உண்மையை அடிப்படையாகக் கொண்டு, 1812ஆம் ஆண்டில் பிரீட்ரிக் மோஸ் என்னும் ஜெர்மானியக் கனிமவியலார் ஓர் அளவுகோலை வகுத்தார். பத்துக் கனிமங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தந்தார். வரிசையில் மேலே உள்ளது கீழே உள்ளதைக் கீறும். கீழே உள்ளது மேலே உள்ளதைக் கீறாது.

அவ்வரிசை இதுதான்: 1. டால்க் என்னும் மாக்கல் கனிமம், 2. ஜிப்சம், 3. கால்சைட்டு, 4. ஃபுளூரைட்டு, 5. அபடைட்டு, 6. ஆர்த்தோகிளேஸ் பெல்ஸ்பார், 7. குவார்ட்சு, 8. புஷ்பராகம், 9. குருந்தம், 10. வைரம். மாணிக்கமும் நீலமும் குருந்தத்தின் வகைகளே. இக்கனிமத்தின் ஆங்கிலப் பெயருக்கே 'குருந்தம்' என்னும் தமிழ்ச் சொல்தான் மூலம் என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

இந்த எண்கள் வரிசையை மட்டுமே காட்டும். எத்தனை மடங்கு என்பதைக் காட்டா. வைரத்துக்கு 10, குருந்தத்துக்கு 9 என்றாலும், கருவிகளால் அளந்தால் வைரம் குருந்தத்தைப் போல் சுமார் நான்கு மடங்கு கடினமானது.

அன்றாடப் பொருள்களையும் இவ்வரிசையில் பொருத்திப் பார்க்கலாம். நம் விரல் நகம் ஏறத்தாழ 2.5, செம்புக் காசு 3, சன்னல் கண்ணாடியும் சாதாரண எஃகுக் கத்தியும் சுமார் 5.5.

குற்றவாளி நகமா?

நாயின் நகம் எதனால் ஆனது? நம் நகத்தைப் போலவே, மாட்டின் கொம்பையும் குளம்பையும் போலவே, கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. ஆகவே அதன் கடினமும் நம் நகத்தின் கடினத்தை ஒட்டியதே. கூராக இருப்பதாலும் வேகமாக இழுபடுவதாலும் அது ஆபத்தானதாகத் தோன்றுகிறது. ஆனால் கூர்மை வேறு, கடினம் வேறு. 2.5 கடினமுள்ள பொருளை எவ்வளவு கூராகச் சீவினாலும், 6 கடினமுள்ள பெல்ஸ்பாரை அது கீறாது. தேய்வது நகமாகத்தான் இருக்கும்.

அப்படியானால் என் வீட்டுக் கூடத்தைக் கீறியது எது? விடை, மணியின் பாதத்தில் ஒட்டிவந்த மண்!

தருமபுரி மாவட்டத்தின் செம்மண்ணைச் சிறிது எடுத்துத் தண்ணீரில் கலக்கி, கலங்கல் நீரை இறுத்துவிட்டுப் பாருங்கள். அடியில் வெண்மையாகவும் கண்ணாடிபோலவும் மணிகள் தங்கும். அவற்றுள் பெரும்பாலானவை குவார்ட்சு. நம் வட்டாரத்து நைஸ் பாறைகளும் கிரானைட்டுப் பாறைகளும் வெயிலாலும் மழையாலும் சிதைந்தபோது, மற்றக் கனிமங்கள் பெரும்பாலும் களிமண்ணாக மாறிவிட்டன; குவார்ட்சு மட்டும் மாறாமல் மணலாக நின்றுவிட்டது. அதன் கடினம் 7. கத்தியையே கீறக்கூடியது.

இந்த மணல்மணிகள் நாயின் பாத மெத்தைகளுக்கு இடையிலும், நம் செருப்பின் அடியிலும் தொற்றிக்கொண்டு வீட்டுக்குள் வருகின்றன. மேலே உடலின் பாரம் அழுத்த, கீழே தரை தாங்க, நடுவில் மணல் உருண்டு இழுபடுகிறது. தச்சர் மரத்தைத் தேய்க்கப் பயன்படுத்தும் உப்புத்தாளின் வேலையும் இதுவேயன்றோ? நாற்காலியை நகர்த்தும்போதும் இதே வேலை நடக்கிறது. பழி மட்டும் நாயின் மேல் விழுகிறது.

இதை நீங்களே சோதிக்கலாம். கல் கடையில் உடைந்த துண்டுகள் இரண்டு கேட்டு வாங்குங்கள். ஒன்றை உங்கள் நகத்தால் அழுத்திக் கீறுங்கள். கோடு ஏதும் தெரிந்தால் ஈரத்துணியால் துடையுங்கள், மறைந்துவிடும். அது நகத்தின் தூள்தான். மற்றதன்மேல் ஒரு சிட்டிகை மணலைத் தூவி, மரக்கட்டையால் அழுத்தி நாலைந்து முறை தேய்த்துவிட்டுக் கழுவிப் பாருங்கள். உண்மை விளங்கிவிடும்.

நம் ஊர்க் கறுப்புக் கல்

கடைகளில் கறுப்பு கிரானைட் என்று விற்கப்படுவது, நிலவியலின்படி கிரானைட்டே அன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் பழைய பாறைகளின் வெடிப்புகளுக்குள் உருகிய குழம்பு புகுந்து உறைந்து, சுவர்போல் நீண்ட கரும்பாறைத் தொடர்களாக நிற்கிறது. டோலரைட்டு என்பது இதன் பெயர். வெட்டி மெருகேற்றினால் கறுப்பு கிரானைட் ஆகிவிடுகிறது.

மெய்யான கிரானைட்டில் குவார்ட்சும் பெல்ஸ்பாரும் மிகுதி. டோலரைட்டிலோ பெல்ஸ்பாரும் பைராக்சீனும்தான் முதன்மை. அவற்றின் கடினம் 5 முதல் 6 வரை. குவார்ட்சு மிகக் குறைவு. எனவே 7 கடினமுள்ள மணல் இதை மெதுவாகக் கீறிவிடும். கிருஷ்ணகிரிப் பகுதியில் வெட்டியெடுக்கப்பட்டுப் பாரடைசோ என்னும் வணிகப் பெயரால் விற்கப்படும் பலநிற வரிக்கல் நைஸ் வகையைச் சேர்ந்தது. அதில் குவார்ட்சு உண்டு.

நிறமும் ஒரு காரணம். மெருகேறிய பரப்பில் ஒளி ஒரே திசையில் திரும்புகிறது. ஆதலால்தான் முகம் தெரிகிறது. கீறல் விழுந்த இடத்தில் ஒளி பல திசைகளிலும் சிதறுகிறது. கறுப்புப் பின்னணியில் இச்சிதறல் வெண்கோடாகப் பளிச்சிடும். சாம்பல் நிறத்திலோ, புள்ளியும் வரியும் கலந்த கல்லிலோ அதே ஆழமுள்ள கீறல் கண்ணுக்கே தெரியாது. நாய் உள்ள வீட்டில் தூய கறுப்பையும் தூய வெள்ளையையும் தவிர்ப்பது நலம் என்பது இதனால்தான்.

கடினம் வேறு, உறுதி வேறு

கீறலைத் தாங்குவது கடினம்; அடியைத் தாங்குவது உறுதி. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். பீங்கான் தட்டைக் கத்தியால் கீறினால் தாங்கும்; கீழே போட்டால் உடையும்.

அரூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் வழியிலுள்ள தண்டராம்பட்டு வட்டாரத்தில், எடுத்தனூர் என்னும் ஊரில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. வீரன் கருந்தேவக்கத்தியோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயின் உருவமும் பெயரும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. இரும்பு உளி குவார்ட்சைவிடக் கடினமானதன்று. பின் எப்படிக் கல்லில் எழுத்து விழுந்தது? சிற்பி கல்லைக் கீறவில்லை. சம்மட்டியால் அடித்துச் சில்லு சில்லாகப் பெயர்த்தான். அடிக்குக் கல் இடம் கொடுத்தது. நாய் கல்லைக் கீற இயலாது. கல்லில் நாயைச் செதுக்க இயலும்!

ஆகவே அம்மிக்குழவியோ, இரும்பு வாணலியோ விழக்கூடிய சமையலறைக்கு, டைல்ஸ் எவ்வளவு கடினமாயினும் மூலை பெயரக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

வழுக்கும் தரை

இனி நாயின் பக்கத்திலிருந்து பார்ப்போம். இதுவே நான் கேட்க மறந்த கேள்வி.

ஓடிவரும் நாய் நிற்க வேண்டுமானால் தரை அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். அந்தப் பிடியே உராய்வு. அதன் அளவை உராய்வுக் குணகம் என்ற எண்ணால் குறிக்கிறோம். வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பாயும் நாய், உராய்வுக் குணகம் 0.6 உள்ள தரையில் சறுக்கினால் சுமார் 1.4 மீட்டரில் நின்றுவிடும். குணகம் 0.2 ஆகக் குறைந்தால் சுமார் 4.1 மீட்டர் வேண்டும். பன்னிரண்டடிக் கூடத்தின் நீளம் 3.7 மீட்டர்தான், நாய் சுவரில் போய் மோதும்! நாயின் எடை இக்கணக்கில் வரவில்லை என்பதையும் கவனியுங்கள். சிறிய நாய்க்கும் பெரிய நாய்க்கும் தூரம் ஒன்றே.

மண்தரையில் நாய் என்ன செய்கிறது? நகங்களை மண்ணில் ஊன்றிக்கொள்கிறது; ஓட்டப் பந்தய வீரரின் ஆணிச் செருப்பைப் போல. மெருகிட்ட கல்லில் நகம் ஊன்றாது. பாத மெத்தைகளே பிடிக்க வேண்டும். ஆனால் வளர்ந்த நகம் முதலில் தரையைத் தொட்டு, மெத்தையைச் சற்றுத் தூக்கிவிடுகிறது. கணக்கிட்டுப் பார்ப்போம். 20 கிலோ நாயின் ஒரு காலில் 5 கிலோ எடை விழுகிறது எனக் கொள்வோம். பாத மெத்தையின் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர் என்றால் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ. அதே எடை ஒரு சதுர மில்லிமீட்டர் நகநுனியில் இறங்கினால் சதுர சென்டிமீட்டருக்கு 500 கிலோ, ஆயிரம் மடங்கு! இவ்வழுத்தம் கல்லை ஒன்றும் செய்யாது. மரத்திலும் வினைல் விரிப்பிலும் குழி விழுத்திவிடும்.

இதில் ஒரு சுழற்சியும் உண்டு. தெருவில் திரியும் நாயின் நகம் கரடுமுரடான தரையில் தானே தேய்ந்துவிடும். வழவழப்பான வீட்டுத் தரையிலேயே காலம் கழிக்கும் நாயின் நகம் தேயாது, வளரும். வளர வளர வழுக்கும். வழுக்குவதால் நாய் ஓடுவதைக் குறைக்கும்; நகம் இன்னும் வளரும். குட்டிகளுக்கும், இடுப்பு மூட்டு தளர்ந்த முதிய நாய்களுக்கும் இது பெருந்துன்பம். வீட்டிலுள்ள பாட்டி, தாத்தாவுக்கும் இதே தரைதான் என்பதை மறந்துவிடலாகாது.

வீட்டிலேயே ஒரு சோதனை

டைல்ஸோ கல்லோ வாங்குமுன் மாதிரிப் பலகை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பழைய தோல் செருப்பின் அடித்தோலை வெட்டி, அரைச் செங்கல்லின் அடியில் கட்டுங்கள். அதைப் பலகையின் மேல் வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். செங்கல் நழுவத் தொடங்கும்போது நிறுத்தி, உயர்ந்த முனையின் உயரத்தையும், கிடைமட்ட அடித்தூரத்தையும் அளந்து, உயரத்தை அடித்தூரத்தால் வகுங்கள். கிடைப்பதே உராய்வுக் குணகம்.

60 சென்டிமீட்டர் பலகை 20 சென்டிமீட்டர் உயரத்தில் நழுவவிட்டால் குணகம் சுமார் 0.35. 30 சென்டிமீட்டர் வரை தாங்கினால் சுமார் 0.58. தரைகளுக்கு 0.5ஐப் பாதுகாப்பான எல்லையாகக் கொள்வது பரவலான வழக்கம். நாயின் பாதம் வேறு, செருப்புத் தோல் வேறு. ஆயினும் இரண்டு பலகைகளை ஒப்பிட இச்சோதனை போதும். மறவாமல் மூன்று விதமாகச் சோதியுங்கள்: உலர்ந்த நிலையில், மெல்லிய மண்தூசு தூவி, தண்ணீர் தெளித்து. உலர்ந்தபோது நன்றாகப் பிடித்த பலகை மற்ற இரண்டில் கைவிடக்கூடும்.

எந்தத் தரை எப்படி?

சலவைக்கல், கடப்பாக்கல்: இரண்டிலும் கால்சைட்டே முதன்மை, கடினம் சுமார் 3. மணல் எளிதில் கீறும். அமிலம் இவற்றைக் கரைக்கும். ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விழுந்தாலே மெருகு மங்கும். நாயின் சிறுநீரைத் துடைக்கிறோம் என்று கழிவறை அமிலத்தை ஊற்றிவிடாதீர்கள்.

மொசைக்: சிமெண்டில் பதித்த சலவைக்கல் சில்லுகள். கீறினாலும் புள்ளிகளுக்கிடையே தெரியாது. மங்கினால் மறுபடி இழைத்து மெருகேற்றலாம். பழைய வீட்டில் மொசைக் இருந்தால் பெயர்த்தெறிய அவசரப்பட வேண்டாம்.

சிமெண்டுத் தரை: செலவு குறைவு, சொரசொரப்பாக முடித்தால் நாய்க்கு நல்ல பிடி. சிவப்புக் காவி இட்டு வழவழப்பாகத் தேய்த்த தரை ஈரத்தில் வழுக்கும். வண்ணப் படலமும் மெல்லியது.

விட்ரிஃபைடு டைல்ஸ்: உயர் வெப்பத்தில் சுட்டு இறுக்கப்பட்டவை, எடையில் 0.5 சதவீதத்துக்குக் குறைவாகவே நீரை உறிஞ்சும். எனவே சிறுநீர் ஊறிக் கறை படியாது. டபுள் சார்ஜ் வகையில் வண்ண அடுக்கு சில மில்லிமீட்டர் தடிப்புள்ளது. மேற்பூச்சு வகையில் வண்ணம் மேலே மட்டும். பூச்சுள்ள டைல்ஸின் தேய்மானத் தாங்குதிறனை பி.ஈ.ஐ. எண்ணால் 0 முதல் 5 வரை குறிப்பர். 4 அல்லது 5 கேளுங்கள். வழுக்காமைக்கு ஆர் 9 முதல் ஆர் 13 வரை தரவரிசை உண்டு. கூடத்துக்கு ஆர் 10 பொருத்தம். அதற்கு மேல் சென்றால் பெருக்கித் துடைப்பது கடினம். பளபளப்பு வகையை விடுத்து மேட் வகையைத் தேர்ந்தெடுங்கள். இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 15622 முத்திரை உள்ளதா என்றும் பாருங்கள்.

கிரானைட்: கடினத்தில் சிறந்தது, கோடையில் குளிர்ச்சி. கல் மரத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். சித்திரை வெயிலில் நாய் வயிற்றைத் தரையில் பரப்பிப் படுப்பது அதனால்தான். கண்ணாடி மெருகு மட்டும் வேண்டாம். லெதர் பினிஷ் எனப்படும் மங்கலான மேற்பரப்பைக் கேட்டு வாங்கலாம். வாசற்படிக்கும் திண்ணைக்கும் தீச்சுடர் காட்டிச் சொரசொரப்பாக்கிய கல் ஏற்றது. குவார்ட்சு 573 பாகை செல்சியசில் படிக அமைப்பு மாறித் திடீரென விரியும்; அதனால் மேற்பரப்பு சில்லுகளாகத் தெறித்துச் சொரசொரப்பாகிறது.

மரம், லேமினேட், வினைல்: லேமினேட்டின் மேற்படலத்தில் அலுமினியம் ஆக்சைடு, அதாவது குருந்தத்தின் அதே சேர்மம், கலந்துள்ளது, கீறலை நன்கு தாங்கும். ஆனால் அடியில் இருப்பது மரநார்ப் பலகை. ஈரம் இறங்கினால் உப்பிவிடும். வினைல் மென்மையானது, கீறும்; ஆயினும் நாய்க்கு நல்ல பிடி தரும்.

தரை ஏற்கெனவே போட்டாயிற்றா?

தரையைப் பெயர்க்க வேண்டியதில்லை. வாசலுக்கு வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இரண்டு தேங்காய்நார் மிதியடிகள் போடுங்கள். உள்மிதியடி நாய் இரண்டு மூன்று அடி எடுத்துவைக்கும் அளவுக்கு நீளமாக இருக்கட்டும். மணலில் பெரும்பகுதி அங்கேயே உதிர்ந்துவிடும். நாள்தோறும் முதலில் பெருக்குங்கள், பிறகு துடையுங்கள். மணலோடு ஈரத்துணியை இழுப்பது உப்புத்தாளை இழுப்பதற்கு ஒப்பாகும். மழைநாளில் நாயின் பாதங்களைக் கழுவித் துடைத்து உள்ளே விடுங்கள்.

மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை நகத்தைப் பாருங்கள். நடக்கும்போது 'டக் டக்' என்று ஒலி கேட்டால் நகம் நீண்டுவிட்டது என்று பொருள். நகத்தின் உள்ளே இரத்தக்குழாயும் நரம்பும் உண்டு. ஆகவே நுனியை மட்டும் சிறிது சிறிதாக வெட்டுங்கள். நகம் கறுப்பாயின் உள்சதை தெரியாது. முதல் முறை கால்நடை மருத்துவரிடம் கேட்டறிவது நல்லது. நாய் ஓடும் வழியிலும், திரும்பும் மூலையிலும், படுத்து எழும் இடத்திலும் அடியில் ரப்பர் உள்ள விரிப்பு போடுங்கள். விரிப்பே நழுவினால் பயனில்லை.

எங்கள் வீட்டில் வாசலிலிருந்து சமையலறைவரை கரடான ஒரு நீள்விரிப்பு கிடக்கிறது. கறுப்புக் கல்லின் பாதி அழகு அதன் அடியில் மறைந்துவிட்டது. ஆனால் அழைப்புமணி ஒலித்தால் மணி இப்போது நேராக எழுந்து வாசலுக்கு வருகிறது. மறுபடி வீடு கட்ட நேர்ந்தால் சாம்பல் நிற மேட் டைல்ஸையோ, மெருகு குறைந்த வரிக்கல்லையோதான் பதிப்பேன். கடையில், "நாய் கீறுமா?" என்று கேட்பதோடு நில்லாமல், "நாய் நிற்குமா?" என்றும் கேட்பேன். நீங்களும் கேளுங்கள்.